முகவரி மாற்றும் வாயில்



நீலகிரியில் ஒரு கிலோ பச்சைத் தேயிலைக்கு இந்த மாதம் என்ன விலை என்னும் கேள்வி, பல்லாயிரம் குடும்பங்களின் அடுப்பங்கரை வரையில் செல்லும் கேள்வியாகும். 1963-ஆம் ஆண்டில் குன்னூரில் தேயிலை ஏலம் தொடங்கிற்று. 1965-இல் சிறு விவசாயிகளின் கூட்டுறவுத் தொழிற்சாலைகளுக்குத் தலைமை நிலையமாக இண்ட்கோசர்வ் இதே ஊரில் அமைந்தது. 2003-ஆம் ஆண்டின் தேயிலைச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணை, ஏலத்தில் விற்ற விலையில் இலை தந்த விவசாயிக்கு இன்ன அளவு பங்கு என்பதைக் கணக்காக்கிற்று. முன்பு சுத்தியல் தட்டி முடிந்த ஏலம் இப்போது கணிப்பொறித் திரையில் முடிகிறது. அதைப் போலவே, நிறுத்த இலை எவ்வளவு, கழிவு எவ்வளவு, வரவேண்டிய தொகை எவ்வளவு என்பதையும் தம் கைபேசியில் பார்த்துக்கொள்ளச் சில தொழிற்சாலைகள் விவசாயிகளுக்கு வசதி செய்துள்ளன.

அந்தக் கைபேசிக்கும் அந்தக் கணக்கேட்டுக்கும் நடுவே ஒரு வாயில் உண்டு. அதனைப் பற்றியே இன்று பேசப் போகிறேன். இத்தகைய கணக்குப் பக்கங்களைப் பேணுவது என் தொழில். பழுது என்று என்னை அழைப்பவர்களுள் பாதிப் பேர் கணக்கில் பழுது என்றே சொல்லி அழைக்கிறார்கள். கணக்கோ சரியாகவே இருக்கும். பழுது வாயிலில் இருக்கும்.

தொழிலில் இதற்கு 'ரிவர்ஸ் ப்ராக்ஸி' என்று பெயர். நான் இதனை வாயிற் சர்வர் என்றே குறிப்பிடுகிறேன். சர்வர் என்றதும் ஓட்டலில் இட்டிலி கொண்டுவருபவரே உங்கள் நினைவுக்கு வந்தால் அதிலும் பிழையில்லை. நாம் சமையலறைக்குள் போவதில்லை; அவரிடம் சொல்கிறோம், அவர் உள்ளே போய்த் தம் மொழியில் சொல்லி, வேண்டியதைக் கொண்டுவருகிறார். வலையிலும் அப்படியே. கணக்கு எழுதும் செயலி உள்ளறையில் ஒரு சர்வரில் ஓடும்; அதன் கதவு வெளியுலகுக்குத் திறந்திருப்பதில்லை. வெளியே நிற்கும் வாயிற் சர்வர் வேண்டுகோளை வாங்கி உள்ளே கொடுத்து, மறுமொழியை வாங்கி வெளியே தருகிறது.

இதில் முகவரி மாறுவது எப்படி? தேயிலைத் தோட்டத்துத் தபாலை எண்ணிப் பாருங்கள். திருநெல்வேலியிலிருந்து தாயார் எழுதும் கடிதத்தின் மேல் மகனுடைய பெயரும், தோட்டத்தின் பெயரும், குன்னூர் என்பதும் மட்டுமே இருக்கும். தபால் பை தோட்ட அலுவலகத்துக்கு வரும். அங்குள்ள எழுத்தர் பெயரைப் பார்த்து, மூன்றாவது லைன், ஏழாவது வீடு என்று மூலையில் குறித்து அனுப்புவார். தாயாருக்கு லைன் எண் தெரியவேண்டியதில்லை. எழுத்தர் கையாளும் அந்தக் குறிப்பேடு இருக்கிறதே, அதுதான் முகவரி மாற்று விதி. 'கணக்கு' என்று தொடங்கும் முகவரி வந்தால் உள்ளறையில் 8080 என்ற எண்ணுள்ள கதவுக்கு அனுப்பு. 'படங்கள்' என்று தொடங்கினால் இன்னொரு கதவுக்கு அனுப்பு. பழைய முகவரியில் வந்தால் புதிய முகவரியைச் சொல்லித் திருப்பியனுப்பு என்று வரிவரியாக அதில் எழுதியிருக்கும்.

இந்தக் கலைக்கு முப்பதாண்டு வயதாகிவிட்டது. அப்பாச்சி என்னும் வலைச் சர்வருக்கு முகவரி மாற்றும் பகுதியை 1996-இல் ஜெர்மனியைச் சேர்ந்த ரால்ஃப் எங்கெல்ஷால் எழுதினார். 2002-இல் ருஷியாவின் ஈகோர் சிசோயெவ் தொடங்கி 2004-இல் வெளியிட்ட 'எஞ்சின் எக்ஸ்' இன்று வாயிற் காவலுக்கு மிகுதியாகப் பயன்படுகிறது. இருவருடைய கருவிகளும் ஆற்றல் மிக்கவை. ஆனால் அந்த ஆற்றலே ஆபத்தும் ஆகிறது. ஒரே ஒரு குறி இடம் மாறினால் போதும், பொருளே மாறிவிடும்.

குன்னூருக்கு அருகில் ஒரு தொழிற்சாலை. பெயர் இங்கே வேண்டியதில்லை. பழைய கணிப்பொறியை நீக்கிவிட்டுப் புதிய வாயிற் சர்வர் ஒன்றை வெளியூர் ஒப்பந்தக்காரர் ஒருவர் அமைத்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். மாத விலை வெளியாகிப் பணம் பட்டுவாடாவாகும் வாரம் அது. அலுவலக வாசலில், மூடுபனியில் குல்லாயும் கம்பளிச் சால்வையுமாக விவசாயிகள் நிற்கிறார்கள். சிலருக்குப் பக்கமே வரவில்லை. சிலருக்குப் பக்கம் வருகிறது, உள்ளே நுழைந்தால் மறுபடியும் கடவுச்சொல் கேட்கிறது. கோத்தகிரிப் பக்கத்தார்க்கு மட்டும் 'அப்படி ஒரு பக்கமே இல்லை' என்று வருகிறது. "நம்ம கணக்கையே அழிச்சுட்டாங்களோ" என்று ஒரு பெரியவர் கேட்டார். அவர் அஞ்சியதில் நியாயம் இருந்தது. நூற்றுக்கணக்கான கிலோ இலை கொடுத்தவருக்குக் கையில் இருக்கும் அத்தாட்சி அந்தத் திரை ஒன்றுதான்.

இவ்விடத்தில் அவசரக்காரர்கள் செய்வது, குறிப்பேட்டில் ஒரு விதியைத் திருத்திப் பார்ப்பது, பலிக்காவிட்டால் இன்னொன்றைத் திருத்துவது. நாலு திருத்தத்துக்குப் பிறகு முதற் பழுது எது, திருத்தத்தால் வந்த பழுது எது என்பது தெரியாது. என் வழக்கம் வேறு. முதலில் வாயிலை விட்டுவிட்டு, உள்ளறைக்குள்ளேயே நின்று, செயலியின் கதவை நேராகத் தட்டுவேன். அது சரியாக விடை சொன்னால் கணக்கேடு நலம் என்று பொருள். அன்று அப்படியே விடை வந்தது. பெரியவரை அழைத்து அவருடைய கணக்கைத் திரையில் காட்டிவிட்டுத்தான் மேற்கொண்டு வேலை பார்த்தேன். பிறகு அதே வேண்டுகோளை வெளியே நின்று வாயில் வழியாக அனுப்பி, இரண்டு விடைகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடவேண்டும். இதற்கு உலாவி உதவாது. அது இடையில் நடப்பதையெல்லாம் மறைத்து இறுதிப் பக்கத்தை மட்டும் காட்டும். 'கர்ல்' என்றொரு சிறு கருவி இருக்கிறது. அது ஒவ்வொரு மறுமொழியையும் அதன் தலைக்குறிப்போடு அப்படியே காட்டும்.

விடையாக வரும் எண்ணும் பேசும். 502 என்றால் வாயில் விழித்திருக்கிறது, உள்ளறையிலிருந்து ஏற்கத்தக்க விடை வரவில்லை. 504 என்றால் விடைக்காகக் காத்திருந்து நேரம் கடந்துவிட்டது. 404 தான் வஞ்சகமானது. 'அப்படி ஒரு பக்கம் இல்லை' என்று சொன்னது யார், வாயிலா, உள்ளறையா? இரண்டின் பிழைப் பக்கங்களும் பார்வைக்கு வேறுபட்டிருக்கும்; இரண்டின் பதிவேடுகளையும் திறந்தால் ஐயம் தீரும். உள்ளறைப் பதிவேட்டில் அந்த வேண்டுகோளே எழுதப்படவில்லையானால் வாயிலைத் தாண்டவில்லை. எழுதப்பட்டிருந்தால், எந்த முகவரியோடு எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்கவேண்டும்.

பார்த்தேன். வெளியே கேட்டது '/கணக்கு/பட்டியல்'. உள்ளே போய்ச் சேர்ந்ததும் '/கணக்கு/பட்டியல்'. செயலிக்கோ 'கணக்கு' என்னும் முன்னொட்டே தெரியாது. அது அறிந்தது வெறும் '/பட்டியல்' மட்டுமே. எஞ்சின் எக்ஸில் உள்ளறை முகவரியின் கடைசியில் ஒரு சாய்கோடு இட்டால், பொருந்திய முன்னொட்டை நீக்கிவிட்டு மிச்சத்தைக் கொடு என்று பொருள். இடாவிட்டால், வந்ததை வந்தபடியே கொடு என்று பொருள். அந்த ஒரு சாய்கோடு விடுபட்டிருந்தது. ஆனால் சாய்கோட்டை அவசரத்தில் ஒரு பக்கம் மட்டும் இட்டாலோ, '//பட்டியல்' என்று இரட்டைக் கோடு போய்ச் சேரும். பல செயலிகள் அதற்கும் கையை விரித்துவிடும். இரு பக்கமும் ஒத்திருக்க வேண்டும்.

சென்ற வழி சீராயிற்று. திரும்பும் வழி? இதைத்தான் பெரும்பாலோர் மறந்துவிடுகின்றனர். மறுபடியும் தோட்டத்துக்கு வாருங்கள். மகன் தாயாருக்குப் பதில் எழுதும்போது, அனுப்புநர் முகவரியாக 'மூன்றாவது லைன், ஏழாவது வீடு' என்று மட்டும் எழுதிவிட்டால் அடுத்த கடிதம் எப்படி வந்து சேரும்? கடிதம் வெளியே போகும்போது எழுத்தர் அதையும் திருத்தித் தோட்டத்தின் பெயரை இட்டனுப்ப வேண்டும். செயலி, கடவுச்சொல் சரியென்று கண்டதும், 'இனி இந்த முகவரிக்குப் போ' என்று ஒரு தலைக்குறிப்பு அனுப்பும். அதில் தன் உள்ளறை முகவரியையே எழுதிவிடும், பாவம். அதற்குத் தெரிந்தது அவ்வளவே. விவசாயியின் கைபேசி அந்த முகவரியை நம்பித் தன்னிடமே 8080-ஆவது கதவைத் தேடும். அங்கே என்ன இருக்கப் போகிறது? அப்பாச்சியிலும் எஞ்சின் எக்ஸிலும் இதைத் திருத்துவதற்கென்றே கட்டளைகள் உண்டு. ஆனால் அவை தலைக்குறிப்பை மட்டுமே திருத்தும். பக்கத்தின் உடலுக்குள் செயலி எழுதிவைத்த இணைப்புகளைத் தொடமாட்டா. பக்கத்தைப் பிரித்துப் பிரித்துத் திருத்தும் கருவிகளும் உண்டெனினும் அவற்றை நான் விரும்புவதில்லை. உன் வெளிப்பெயர் இது என்று செயலிக்கே சொல்லிக்கொடுப்பது மேல்.

கடவுச்சொல்லை மீண்டும் மீண்டும் கேட்ட பழுதும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. நுழைந்தவரை அடையாளம் கண்டுகொள்ளச் செயலி ஒரு சீட்டுக் கொடுக்கிறது, குக்கி என்பார்கள். இந்தச் சீட்டு எந்தப் பாதையில் செல்லும் என்பதும் அதிலேயே எழுதியிருக்கும். டாம்கேட் போன்ற செயலிச் சர்வர்கள் தம் உள்ளறைப் பாதையையே அதில் எழுதும். வெளியே பாதை வேறாக இருந்தால், உலாவி, 'இது இங்கே காட்டவேண்டிய சீட்டன்று' என்று பையிலேயே வைத்துக்கொள்ளும். செயலி சீட்டைக் காணாமல் மறுபடியும் வாசலுக்கே அனுப்பும். இரண்டும் தத்தம் கடமையைச் சரியாகவே செய்கின்றன, அகப்பட்டுக்கொண்டவர் விவசாயி. குக்கியின் பாதையையும் வாயிலில் மாற்றவேண்டும்.

இன்னொரு சுழல் இதனினும் வேடிக்கையானது. இந்நாளில் கைபேசிக்கும் வாயிலுக்கும் இடையே பேச்சு மறையாக்கம் பெற்றே செல்கிறது. வாயிலில் மறைநீக்கி, உள்ளறைக்குச் சாதாரணமாகவே அனுப்புவதும் வழக்கம். செயலி பார்க்கிறது: 'இவர் மறையாக்கம் இல்லாமல் வந்திருக்கிறார், ஆகாது, பாதுகாப்பான வழியில் வாருங்கள்' என்று திருப்புகிறது. அவர் வந்ததே அந்த வழியில்தான். மறுபடியும் அதே வழியில் வருகிறார், மறுபடியும் திருப்பப்படுகிறார். இருபது முறை சுற்றியபின் உலாவி கைவிடும். வந்தவர் எந்த வழியில் வந்தார் என்பதை வாயில் ஒரு தலைக்குறிப்பில் எழுதி உள்ளே தெரிவிக்கவேண்டும். செயலியும் அதனை நம்பவேண்டும். வாயில் எழுதியதை மட்டுமே நம்பவேண்டும் என்பது முக்கியம். வெளியார் எவர் எழுதினாலும் நம்பினால், பொய்ச் சான்றிதழோடு யாரும் வரலாம். இந்தக் குறிப்பு நெடுங்காலம் ஆளுக்கொரு வழக்கமாக இருந்து, 2014-இல்தான் இணையத் தர ஆவணம் ஒன்றில் ஒழுங்கு பெற்றது. பழைய பெயரே இன்றும் பெருவழக்கு.

இனிக் கோத்தகிரிக்காரர்கள். இதுதான் என்னை ஒரு பகல் முழுவதும் உட்கார வைத்த புதிர். குன்னூர் மையத்து விவசாயிகளின் இணைப்புகள் திறக்கின்றன. கோத்தகிரி மையத்தார்க்கு 404. விதியில் இரண்டு ஊர்ப் பெயர்களும் தமிழிலேயே இருக்கின்றன, எழுத்துப்பிழை ஒன்றுமில்லை. திரையில் பார்த்தால் விதியிலுள்ள கோத்தகிரியும், கேட்ட முகவரியிலுள்ள கோத்தகிரியும் அச்சாக ஒன்றே.

தமிழ் எழுத்து வலை முகவரியில் நேராகப் போவதில்லை. யூனிகோடு முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளாகிறது. ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு இலக்கமுமாக எழுதப்படுகிறது. ஆக ஒரு குறிக்கு ஒன்பது இடம். 'குன்னூர்' என்னும் பெயர் மெய்யும் உயிர்க்குறியும் புள்ளியுமாக எட்டுக் குறி. முகவரியில் 72 இடம் பிடிக்கும். கோத்தகிரி ஒன்பது குறி. 81 இடம் பிடிக்கவேண்டும். பதிவேட்டில் வந்திருந்ததை எண்ணினேன்: 90. ஒரு குறி மிகை! 'கோ' என்பதிலுள்ள உயிர்க்குறியை யூனிகோட்டில் ஒரே குறியாகவும் எழுதலாம். இரட்டைச் சுழிக் கொம்பு, கால் என்று இரண்டு குறியாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, இயந்திரத்துக்கு வேறு. கோத்தகிரி மையத்தின் பெயர்ப் பட்டியலைப் பழைய எழுத்துருவிலிருந்து ஏதோ ஒரு கருவி கொண்டு மாற்றியிருந்தார்கள். அது பிரித்து எழுதிற்று. அந்தப் பட்டியலிலிருந்து பிறந்த இணைப்புகளே விவசாயிகளுக்குக் குறுஞ்செய்தியாகப் போயிருந்தன. 'குன்னூ'ரில் அத்தகைய இரட்டைக் குறி இல்லாமையால் குன்னூரார் தப்பினர். பட்டியலைச் சேர்த்தெழுதும் வடிவுக்கு மாற்றி, ஏற்கெனவே சென்ற இணைப்புகளுக்காகப் பிரிந்த வடிவத்துக்கும் விதியில் இடம் கொடுத்தேன். தமிழ்ப் பெயர்களை முகவரியில் வைக்காமல் எண்ணை வைத்துவிடலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். சொல்லலாம்தான். ஆனால் தன் ஊர்ப் பெயரைத் தன் எழுத்தில் பார்க்கும் விவசாயி அந்த இணைப்பை நம்பித் தொடுகிறார். வெறும் எண்களைக் கண்டால் மோசடியோ என்று தயங்குகிறார்.

அதே பட்டியலில் கீழ் கோத்தகிரி இடைவெளியோடு இருந்தது. இடைவெளி '%20' ஆகும். வாயில் ஒரு முறை பிரித்துப் படித்து, மறுபடியும் கட்டும்போது கவனமின்றிக் கட்டினால், சதவீதக் குறியே ஓர் எழுத்தாகக் கருதப்பட்டு '%2520' ஆகிவிடும். பதிவேட்டில் '%25' என்று எங்கே கண்டாலும், ஒரே கடிதத்துக்கு இரண்டு உறை போட்டிருக்கிறார்கள் என்று உடனே ஐயுறலாம்.

சில்லறைச் சங்கதிகள் சில. அப்பாச்சியில் கோப்புறைக்குள் வைக்கும் விதிக்கு முகவரியின் முதற் சாய்கோடு உரிக்கப்பட்டே வரும். ஆகையால் சாய்கோட்டோடு தொடங்கும் விதி அங்கே என்றைக்கும் பொருந்தாது. கேள்விக்குறிக்குப் பின்வரும் பகுதி, அதாவது எந்த மாதக் கணக்கு என்பது போன்றவை, விதியின் பொருத்தத்தில் சேராது. மாற்று முகவரியில் நீங்களே ஒரு கேள்விக்குறி இட்டால் பழையது கழன்று விழும், சேர்த்துவை என்று தனியே சொல்லவேண்டும். ஒரு விதியின் விளைவு மறுபடியும் அதே விதியிலேயே சிக்கினால் பத்துச் சுற்றுக்குப் பிறகு 500 என்று நின்றுவிடும். சோதிக்கும் காலத்தில் 'நிரந்தரமாக மாறிவிட்டது' என்னும் 301-ஐ விடவே விடாதீர்கள். உலாவி அதை மனப்பாடம் செய்துகொண்டு, நீங்கள் விதியைத் திருத்திய பிறகும் பழைய இடத்துக்கே போகும். 302 போதும். எந்த விதி எந்த முகவரியைத் தொட்டது என்று வரிவரியாக எழுதும்படி இரண்டு வாயிற் சர்வர்களிடமும் கேட்கலாம். வேலை முடிந்ததும் அதனை நிறுத்திவிட வேண்டும். பதிவேடு வெள்ளமாகப் பெருகும்.

பக்கம் திறக்காவிட்டால் பழுது என்று யாவரும் அறிவர். திறக்கக்கூடாதது திறந்தால்? 2011 அக்டோபரில் வெளிவந்த ஒரு குறையைச் சொல்கிறேன். வந்த பாதையை அப்படியே எடுத்து உள்ளறையின் பெயருக்குப் பின்னே ஒட்டு என்று பலர் அப்பாச்சியில் விதி எழுதியிருந்தனர். பெயருக்கும் பாதைக்கும் இடையே சாய்கோடு இடவில்லை; பாதையே சாய்கோட்டோடுதான் வரும் என்பது அவர்கள் எண்ணம். ஒரு குறும்பன் சாய்கோட்டுக்குப் பதிலாக '@' என்னும் குறியை வைத்து, அதன்பின் வேறொரு கணிப்பொறியின் பெயரை எழுதினால் என்ன ஆகும்? வலை முகவரியில் '@' குறிக்கு முன்னே இருப்பது பயனர் பெயர். பின்னே இருப்பதே போகவேண்டிய இடம். ஆக, உள்ளறைச் சர்வரின் பெயர் வெறும் பயனர் பெயராகி, வேண்டுகோள் குறும்பன் சொன்ன கணிப்பொறிக்கே போகும். அலுவலகத்துக்குள் இருக்கும் சம்பள ஏடாகவும் அது இருக்கலாம். 2012 ஜனவரியில் வெளிவந்த அப்பாச்சி 2.2.22 இதனை அடைத்தது.

2018-இல் தைவான் நாட்டு ஆராய்ச்சியாளர் ஆரஞ்சு சாய் இன்னொன்றைக் காட்டினார். முகவரிக்குள் இரண்டு புள்ளிகளை அடுத்து ஓர் அரைப்புள்ளி இட்டால், வாயில் அதனை ஏதோ ஒரு பெயர் என்று படித்து உள்ளே விடும். டாம்கேட்டோ அரைப்புள்ளியைக் கழித்துவிட்டு, 'ஒரு படி மேலே போ' என்று படிக்கும். காவலன் தடுத்துவைத்த நிர்வாக அறைக்குள் அப்படியே நுழைந்துவிடலாம். ஒரே முகவரியை இருவர் இரு வகையாகப் படித்தால் நடுவே ஒரு சந்து திறக்கிறது. கோத்தகிரியார்க்கு மூடியதும், குறும்பனுக்குத் திறந்ததும் அதே சந்துதான்.

ஆதலால் அந்தத் தொழிற்சாலையில், கணக்குகள் திறந்துவிட்டன என்று அலுவலகத்தார் மகிழ்ந்த பின்பும் நான் எழுந்திருக்கவில்லை. '@' இட்ட முகவரி, அரைப்புள்ளி இட்ட முகவரி, இரட்டைச் சாய்கோடு, இரட்டை உறை, பிரிந்த கோ, சேர்ந்த கோ, ஒரு விவசாயியின் சீட்டோடு மற்றொருவரின் கணக்கு எண் என்று ஒவ்வொன்றாக வெளியே நின்று அனுப்பி, உள்ளறைப் பதிவேட்டில் என்ன எழுதப்படுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். திறக்கவேண்டியவை திறந்தன, மற்றவை மூடியே இருந்தன. அதற்குள் கோத்தகிரிக்குப் போகும் கடைசிப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பெரியவர் தம் கணக்குப் பக்கத்தைக் காகிதத்தில் அச்செடுத்துக் கொடுக்கச் சொல்லி, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டார்.